மடு மாதாவுக்கு விட்ட மீன்

என் மகனுக்கு, அம்மா எழுதுகிறேன். நீ இதைப் பிரிக்கிற நேரத்தில் மாதா உன் பக்கத்தில் நிற்கட்டும். உப்புக்குளத்து முஸ்லிம் நானா லீவு முடிந்து இந்தக் கிழமை கட்டாருக்குத் திரும்புகிறார். நீ இருக்கிற இடத்துக்குக் கிட்டத்தான் அவருக்கும் வேலை. உனக்கு ஏதாவது கொடுத்துவிடலாமா என்று கேட்கப் போனேன். "கருவாடு மட்டும் வேண்டாம் அக்கா. போன முறை ஒருத்தர் தந்துவிட்ட பார்சலால என்ர புதுச் சாரமெல்லாம் மணத்துப் போச்சு. கடிதமெண்டா எத்தினை வேணுமெண்டாலும் தாங்கோ, அது மணக்காது" என்று சிரித்தார். அதுதான் எழுத உட்கார்ந்தேன். போனில் சொல்லலாமே என்று நீ நினைப்பாய். போனில் கதைக்கத் தொடங்கினால் கோயில் கதை, பக்கத்து வீட்டுக் கதை, ஆட்டுக்குட்டி போட்ட கதை எல்லாம் வந்துவிடும், சொல்ல வேண்டியது மட்டும் வராது. இந்தக் கொஞ்ச நாளாக அது வராமல் இருந்ததற்கு என் வாய் மட்டும் காரணமில்லை. மனமும்தான். முதலில் இருந்து சொல்கிறேன், பொறுமையாக வாசி.

மாரி மழை விட்ட கையோடு, உன் மகள் மெரினைக் கிளினிக்கில் நிறுத்துப் பார்த்துவிட்டு வந்த அன்று நீ சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். பிள்ளைக்கு நாலு வயதாகப் போகிறது, வயதுக்கேற்ற நிறை இல்லை என்று நேர்ஸ் மிஸ்ஸி சொன்னதை மருமகள் ஜெனிற்றா உனக்குச் சொன்னாள். நீ நிறையை இன்னொருதரம் சொல்லச் சொன்னாய். பிறகு, "ரெண்டு பொம்பிளையள் வீட்டில இருந்துகொண்டு ஒரு பிள்ளைக்குச் சோறு தீத்தேலாதோ?" என்று கேட்டாய். ஜெனிற்றா போனை என் கையில் தந்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். அதற்குப் பிறகு என்னிடம் சொன்னாய்: "அம்மா, பிள்ளை இப்பிடியே இருந்தா நான் இந்த அக்றிமென்ற் முடியிறதோட விட்டிட்டு வாறன். அவள் தேறினாளெண்டா இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்து வைக்கலாம். நீங்கள்தான் சரியாச் சொல்லவேணும்." நான் "ஓம்" என்றேன். அந்த "ஓம்" அன்றையிலிருந்து என் நெஞ்சில் மீன்முள் மாதிரி நிற்கிறது.

அந்த நாட்களில் எங்கள் வீடு எப்படி இருந்தது என்று உனக்கு முழுதாகத் தெரியாது. நீ பார்சலில் அனுப்பிய சொக்லட்டும் பிஸ்கட்டும் அலுமாரிக்குள் இருந்தன. மெரினுக்கு அந்த அலுமாரிக் கதவடியில்தான் விடியும். காலையில் பால்தேத்தண்ணிக்குள் பிஸ்கட், பத்து மணிக்கு மிக்சர், மத்தியானம் பக்கற் நூடில்ஸ். சோறு என்றால் வாயைப் பூட்டிக்கொள்வாள். நான் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கிணற்றடி, வேலியடி, கோயில் வளவு என்று அவளுக்குப் பின்னால் போவேன். "இது அப்பாவுக்கு ஒரு வாய், இது மாதாவுக்கு ஒரு வாய், இது யேசப்புக்கு ஒரு வாய்" என்று விண்ணகத்தில் இருக்கிற எல்லாரையும் கூப்பிடுவேன். அவள் வாயைத் திறக்காவிட்டால் போனில் பொம்மைப்படம் போட்டுக் காட்டி, அவள் அசந்து வாயைத் திறக்கிற நேரத்தில் சோற்றைத் திணிப்பேன். விழுங்குவாள், ஆனால் எதை விழுங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. ஒருநாள் அதே சோற்றை என் மடியிலேயே கக்கிவிட்டாள். ஜெனிற்றா பார்த்துக்கொண்டு நின்றாள். "விடுங்கோ மாமி, பசிச்சாக் கேப்பாள்" என்றாள். "நீ விடுவாய், அவன் அங்க இருந்து என்னைக் கேப்பான்" என்று நான் சுள்ளென்று சொல்லிவிட்டேன்.

நான் அப்படி நடந்ததற்கு நீயும் ஒரு காரணம், மகன். உன்னை வளர்த்த ஒரே ஒரு பழக்கம்தான் எனக்குத் தெரியும். மடுவில் மாதா கோயிலடியில் நாங்கள் அகதியாகக் கொட்டிலில் கிடந்த காலத்தில் நீ மெரினின் வயது. நிவாரணப் பருப்பும் வெள்ளைச்சோறும்தான். நான் ஒரு கவளத்தை நீட்டினால் அடுத்த கவளத்துக்கு வாயைத் திறந்துகொண்டே இருப்பாய். உன் அப்பா, கடவுள் அவருக்கு நித்திய இளைப்பாற்றி கொடுக்கட்டும், "இவனுக்குத் தீத்துற கைக்கு நோவெடுக்கும், இவன்ர வாய்க்கு நோவெடுக்காது" என்று சொல்லுவார். பிள்ளைக்குச் சாப்பாடு கொடுக்கிற கலை என் கையில் இருக்கிறது என்று அன்றிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். உனக்குப் பசி இருந்தது, வேறு எதுவும் இருக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. மெரினுக்கு அலுமாரி நிறைய வேறு தின்பண்டம் இருந்தது.

ஒன்றும் சரிவராமல் போனதும் நான் மாதாவிடம் போனேன். தவக்காலம் தொடங்க இருந்தது. நம்முடைய ஆட்கள் தவக்காலத்தில் இறைச்சியை விடுவார்கள். கடற்கரைச் சனம் இறைச்சியை விடுவது என்ன பெரிய தியாகம் என்று எனக்கு எப்போதுமே ஒரு கூச்சம் உண்டு. விட்டால் மீனை விடவேண்டும். அதனால், "தாயே, என்ர பேத்தி மீனும் சோறும் ஒழுங்காத் தின்னும்வரைக்கும் நான் மீனைத் தொடமாட்டன்" என்று மடு மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தி நேர்த்தி வைத்தேன். என்னைப் பற்றி உனக்குத் தெரியும். மீன் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. கரையில் சூடைமீன் வந்திறங்கினால் அந்த வாசத்துக்கே வயிறு கூப்பிடும். அப்படி இருந்தும் விட்டேன். ஜெனிற்றா ஓரா மீனில் சொதி வைப்பாள், பாரைமீன் பொரிப்பாள். நான் பருப்பும் சம்பலும் போட்டுக்கொண்டு மெரினைப் பார்த்து, "தின்னு ராசாத்தி, மீன் எவ்வளவு ருசி தெரியுமோ?" என்று சொல்லிக்கொண்டு இருப்பேன்.

மெரின் என் தட்டைப் பார்ப்பாள். "அப்பம்மாவுக்கு மீன்?" என்று கேட்பாள். "அப்பம்மாவுக்கு வேண்டாம் குஞ்சு, நீ தின்னு" என்பேன். "மெரினுக்கும் வேண்டாம்" என்று தட்டைத் தள்ளிவிடுவாள். முதலில் நூடில்சோடு பொரித்த மீனிலும் சின்னத் துண்டு கிள்ளித் தின்ற பிள்ளை, இப்போது அதையும் விட்டுவிட்டாள். நேர்த்தி வைத்த பிறகு நிலைமை இன்னும் கெட்டுப்போகிறதே, மாதா என்னைச் சோதிக்கிறா என்று நான் செபமாலையைக் கூட்டினேன். காலையில் ஒன்று சொன்னது போய் மத்தியானமும் ஒன்று சொன்னேன்.

ஜெனிற்றாதான் கண்டுபிடித்தாள். ஒருநாள் மெரின் முற்றத்து மணலில் உட்கார்ந்து தன் பொம்மைக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தாள். பூவரசம் இலையில் மண் சோறு, அதன் மேல் சிப்பி ஓடு மீன். பொம்மையின் குரலில் தானே பேசினாள்: "எனக்கு மீன் வேண்டாம். நான் பெரிய ஆள், அப்பம்மா மாதிரி." பிறகு தன் குரலில், "சரி, அப்ப எறியுறன்" என்று சிப்பியைத் தூக்கி எறிந்தாள். ஜெனிற்றா அதைக் கேட்டுவிட்டு என்னிடம் வந்தாள். கையில் முருங்கைக் கொப்பு, கீரை உருவிக்கொண்டிருந்தவள்.

"மாமி, கோவிக்காதேங்கோ. நீங்கள் என்ன மீன் தின்னுறேல்லை?"

"நேர்த்தி பிள்ளை."

"என்ன நேர்த்தி?"

சொன்னேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகம். "மாமி, அவள் மீன் தின்னவேணுமெண்டு நீங்கள் மீனை விட்டியள். நீங்கள் தின்னாதபடியால அவள் மீனை விட்டிட்டாள். இனி நீங்கள் தின்னுறதுக்கு அவள் தின்னவேணும், அவள் தின்னுறதுக்கு நீங்கள் தின்னவேணும். ஆர் முதல் தின்னுறது?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. மாதாவோடு கணக்கா கதைக்கிறாய் என்று கேட்க வாய் வந்தது. ஆனால் அவள் போட்ட கணக்குச் சரிதான். நேர்த்தியை நானே முறிக்கவும் பயம். சாமியிடம் சொன்ன சொல்லைத் திருப்பி எடுப்பது என்ன விளையாட்டா?

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்ததும் எங்கள் பங்குச் சுவாமியிடம் போனேன். கோயில் படியில் நின்று ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தார். "சுவாமி, ஒரு நேர்த்தியை மாத்தேலுமோ?" என்று கேட்டேன். "சொல்லுங்கோ அம்மா" என்றார். நான் மழையில் தொடங்கி பொம்மை வரைக்கும் சொன்னேன். கேட்டுக்கொண்டு நின்ற மனிதர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"உங்கட வீட்டில பிள்ளைக்கு மீன் தின்னச் சொல்லிக் குடுக்கிற ஆள் ஆர் அம்மா?"

"நான்தான் சுவாமி."

"மீன் தின்னாத ஆள்?"

"அதுவும் நான்தான் சுவாமி."

சிரித்தார் பார், கோயில் கூரையில் இருந்த புறாவெல்லாம் எழும்பிவிட்டது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "மாதாவுக்கு உங்கட மீன் என்னத்துக்கு? அவவும் ஒரு பிள்ளைக்குச் சோறு தீத்தின தாய்தானே. அவவின்ர மகனும் கரையில மீன் சுட்டு வைச்சிட்டு ஆக்களைக் கூப்பிட்டவர்தான். தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால ஓடினவரோ? நான் இந்த நேர்த்தியை மாத்தித் தாறன். ஆனா இதைவிடக் கஷ்டமானதாத் தருவன்."

"தாங்கோ சுவாமி. முழங்காலில மடுவுக்குப் போகச் சொன்னாலும் போவன்."

"மடுவுக்குப் போகவேண்டாம். மீனை நல்லாத் தின்னுங்கோ, பிள்ளைக்கு முன்னால இருந்து தின்னுங்கோ. ஆனா சாப்பாட்டு நேரத்தில அவளைப் பார்த்து 'சாப்பிடு' எண்டு ஒருக்காலும் சொல்லக்கூடாது. கெஞ்சக்கூடாது, வெருட்டக்கூடாது, எத்தினை வாய் எண்டு எண்ணக்கூடாது."

"முழங்காலில போறது சுகம் சுவாமி" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சாப்பாடு மாறியது. திட்டம் போட்டது ஜெனிற்றா, வாயைக் கட்டியது நான். அலுமாரியில் இருந்ததை அவள் எறியவில்லை. ஒரு தகரப் பேணியில் போட்டு மேலே வைத்தாள். "ஞாயிறு பூசை முடிஞ்சு வந்து ஆளுக்கொண்டு. எனக்கும் ஒண்டு, அப்பம்மாவுக்கும் ஒண்டு" என்று மெரினுக்குச் சொன்னாள். முதல் இரண்டு நாள் அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "என்ன, பிள்ளைக்குப் பேய் ஓட்டுறியளோ?" என்று கேட்டாள். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். ஜெனிற்றா கண்ணைக் காட்டினாள். அடக்கிக்கொண்டேன். மூன்று பேரும் பாயில் ஒன்றாக இருந்து சாப்பிடத் தொடங்கினோம். போன் சாமியறையில். சட்டிகள் நடுவில். நானாட்டான் வயல் சிவப்பரிசிச் சோறு, தேங்காய்ப்பூப் போட்ட ஒரு கீரை வறை, ஒரு மீன், ஒரு சொதி. மெரினுக்கு ஒரு சின்னக் கோப்பை, ஒரு சின்னக் கரண்டி. எது வேணுமோ அதை அவளே அள்ளலாம். எதையும் அள்ளாமலும் இருக்கலாம். அடுத்த சாப்பாடு வரும்வரைக்கும் வேறு கிடையாது, தண்ணீர் மட்டும்.

முதல் நாள் வெறும் சோறு. அடுத்த நாளும் வெறும் சோறு. மகன், அந்த வெறும் சோற்றைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதற்கு நான் பட்ட பாட்டை மாதா மட்டும்தான் அறிவா. வாய்க்குள் சொல் வந்து முட்டும். நான் அதை மீனோடு சேர்த்து விழுங்குவேன். மெரினுக்கு அது அதிசயமாகப் போய்விட்டது. "அப்பம்மா, உங்கட வாய்க்கு என்ன?" என்று கேட்டாள். "ஒண்டுமில்லை" என்றேன். "கதை சொல்லுங்கோவன்" என்றாள். சாப்பாட்டைப் பற்றித்தானே கதைக்கக்கூடாது? அதனால் உன் அப்பாவின் வள்ளத்துக்குள் கடற்பாம்பு ஏறிய கதையைச் சொன்னேன். கதை கேட்டுக்கொண்டே அவள் என் தட்டில் இருந்த பாரைப் பொரியலின் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டாள். நான் கதையை நிறுத்தவில்லை. ஜெனிற்றாவின் காலை மட்டும் என் காலால் தட்டினேன். "எனக்குத் தெரியும், கண்டனான்" என்று அவள் வாய் திறக்காமல் தலையாட்டினாள்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. பூசணிக்காயைத் துப்பினாள். பாகற்காயைக் கண்டால் இன்னமும் மூக்கைப் பொத்துகிறாள், நீயும் அப்படித்தான். ஆனால் இப்போது கரைக்கு என்னோடு வருகிறாள். வலையில் இருந்து கழற்றிப்போடுகிற மீனில், "இது வேணும், இதுக்குக் கண் நல்லாயிருக்கு" என்று விரலால் காட்டுகிறாள். தான் பார்த்து வாங்கிய மீனைத் தின்னாமல் விடமாட்டாள். தான் உருவிய முருங்கைக்கீரை என்றால் வறையில் பாதி அவளுக்கு. போன கிழமை ஒரு சூடைமீனைத் தானே பிரித்து, முள்ளைத் தட்டு ஓரத்தில் வரிசையாக வைத்தாள். நேசரிக்குப் பிஸ்கட்டுக்குப் பதிலாக அவித்த கடலை கொண்டுபோகிறாள். கூட்டாளிப் பிள்ளைகளும் கேட்கிறார்களாம். ஜெனிற்றா இப்போது கொஞ்சம் கூடவே அவித்துக் கட்டிவிடுகிறாள்.

இதை ஏன் நீ முன்னமே அறியவில்லை என்று கேட்பாய். உயிர்ப்புத் திருநாளுக்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை நீ போன் எடுத்தாய். ஜெனிற்றா கிணற்றடியில் நின்றாள், நான்தான் எடுத்தேன். "பிள்ளை எப்பிடியம்மா?" என்று கேட்டாய். அந்த நேரம் மெரின் எனக்கு முன்னால் இருந்து புட்டும் மீன்குழம்பும் தின்றுகொண்டிருந்தாள், வாயெல்லாம் குழம்பு. நான் உன்னிடம், "அப்பிடியேதான் இருக்கிறாள் மகன்" என்றேன். அதற்கடுத்த கிழமையும் அதையே சொன்னேன். படத்தைக் காட்டச் சொன்னாய், சிக்னல் இல்லை என்றேன். நீ பெருமூச்சு விட்டாய். அந்தப் பெருமூச்சைக் கேட்டு எனக்குச் சந்தோசமாக இருந்தது. வரப்போகிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தக் கிழமை கிளினிக்கில் மெரினை நிறுத்தார்கள். மிஸ்ஸிக்கே முகம் மலர்ந்துவிட்டது. "என்ன மந்திரம் போட்டனியள்?" என்று கேட்டா. வீட்டுக்கு வந்து, குடையை மடக்கிக்கொண்டே ஜெனிற்றா சொன்னாள்.

"மாமி, நீங்கள் அவருக்குச் சொன்னதெல்லாம் எனக்குத் தெரியும். கிணத்தடிக்குக் காது கேக்கும்."

நான் குனிந்து மெரினின் செருப்பைக் கழற்றத் தொடங்கினேன்.

"எனக்கும் அவர் வரவேணும். உங்களைவிட எனக்குக் கூட வேணும், அதுதான் இவ்வளவு நாளும் நானும் வாய் திறக்கேல்லை. ஆனா பிள்ளையின்ர வயித்தைச் சொல்லி அவரைக் கூப்பிடவேண்டாம். நாளைக்கு வந்து இறங்கி, அவள் தின்னுறதைக் கண்டா என்ன நினைப்பார்? அவள் ஒவ்வொரு வாய் வைக்கிறபோதும் எனக்கு அந்த நினைப்பு வருகுது. நான் சொன்னா அவர் நம்பமாட்டார், நீங்கள் சொல்லுங்கோ."

அவள் சொன்னது சரி. சமைத்தது அவள், திட்டம் போட்டது அவள், "ரெண்டு பொம்பிளையள்" என்று நீ சொன்ன சொல்லை விழுங்கியதும் அவள். முதலில் நீ அவளுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லவேண்டும். போனில் மற்ற ஆட்கள் கேட்கிறார்கள் என்று வெட்கப்படாமல் சொல்லு. மெரினோடு கதைக்கும்போது, "சாப்பிட்டியோ, தட்டைக் காட்டு" என்று கேட்காதே. என்ன மீன் வாங்கினாய், கடலில் எத்தனை வள்ளம் நின்றது என்று கேள், வாய் மூடமாட்டாள். பார்சல் அனுப்புவதானால் பிஸ்கட்டுக்குப் பதிலாக நிறப்பென்சில் அனுப்பு. பேரீச்சம்பழம் அனுப்பினாலும் சரி, அது அவளுக்கு விருப்பம். உன் அறையில் நின்ற நிலையில் பாண்துண்டைத் தின்றுவிட்டு வேலைக்கு ஓடுவதைப் படத்தில் கண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை லீவு நாளிலாவது அறைக்காரப் பெடியளோடு சேர்ந்து ஒரு சோறு கறி சமைத்து இருந்து சாப்பிடு. உன் கழுத்தெலும்பு தெரிகிறது.

ஆகவே உண்மை இதுதான். பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறாள், நிறையும் ஏறியிருக்கிறது. அவளுக்காக நீ எல்லாவற்றையும் விட்டுவிட்டு வரவேண்டிய தேவை இல்லை. நீ கேட்ட கேள்விக்கு இனி நான் வேறு பதில் சொல்லமாட்டேன். கையெழுத்து வைப்பதும் விடுவதும் நீயும் ஜெனிற்றாவும் பேசி எடுக்கிற முடிவு. நான் நடுவில் நிற்கமாட்டேன்.

ஆனால் பிள்ளையைச் சாட்டாமல், மாதாவைச் சாட்டாமல், என் வாயால் ஒருதரம் சொல்லிவிடுகிறேன். எனக்கு உன்னைப் பார்க்கவேண்டும், மகன். உன் குரல் போனுக்குள்ளால் வராமல் வாசல் படலையடியில் இருந்து வரவேண்டும். இதற்கு வேறு காரணம் ஒன்றும் என்னிடம் இல்லை.

அம்மா